சீப்பு முதல் நகவெட்டி வரை: நாய்ப் பராமரிப்பில் பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள் வளர்கின்றன. ஒன்று லாப்ரடார், குட்டையான, அடர்ந்த, இரட்டை அடுக்கு ரோமம் கொண்டது, ஆண்டு முழுவதும் முடி கொட்டிக்கொண்டே இருக்கும். மற்றொன்று ஷி சூ. அதன் முடி அதிகம் கொட்டாது, ஆனால் வளர்வதையும் நிறுத்தாது. கவனிக்காமல் விட்டால் சில நாள்களிலேயே சிக்குப் பிடித்துவிடும். இந்த இரு வேறு தேவைகளையும் ஒரே வீட்டில் பார்க்க வேண்டியிருந்ததால், கடையில் கிடைக்கும் பெரும்பாலான வகைக் கருவிகளும் திரவங்களும் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. வாங்கிய முதல் மாதத்தில் எல்லாமே நன்றாகத்தான் வேலை செய்யும். பல ஆண்டுகள் கழித்தும் எது நாள்தோறும் கைக்கு வருகிறது, எது அலமாரியில் தூங்குகிறது என்பதை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஷாம்புவைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியையாவது, குளிப்பாட்டுவதற்கு முன் சீவுவதிலும் குளிப்பாட்டிய பின் ஈரம் போக்குவதிலும் காட்டினால், தோல் தொல்லைகள் பல வராமலே போகும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சீப்பு. நீண்ட முடி நாய்க்கு எல்லோரும் வாங்குவது ஸ்லிக்கர் பிரஷ், அதாவது மெல்லிய வளைந்த கம்பிகள் நெருக்கமாகப் பதிந்த தட்டையான பிரஷ். அது நல்ல கருவிதான். ஆனால் அதை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். மேலாகச் சீவும்போது முடி உப்பிப் பளபளவென்று தெரியும். அடியில், தோலை ஒட்டிய இடத்தில், முடி கம்பளம் போல ஒட்டிப்போய்க் கிடக்கும். இதைக் கண்டுபிடிப்பது ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் பற்கள் கொண்ட சாதாரண உலோகச் சீப்புதான். முடியை ஒரு கையால் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி ஒரு கோடு பிரித்து, அந்தக் கோட்டிலிருந்து சிறிது சிறிதாகக் கீழே இறக்கிச் சீவ வேண்டும். சீப்பு தோலிலிருந்து நுனி வரை தடையின்றி வந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று பொருள். காதுகளுக்குப் பின்புறம், முன்கால் அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், பின்தொடைகளின் உட்புறம் ஆகிய நான்கு இடங்களில்தான் சிக்கு முதலில் விழும். நேரம் குறைவான நாளில் இவற்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை மறுநாளுக்கு விடலாம்.

சிக்கைப் பிரிக்கும் முறையிலும் பொறுமை வேண்டும். சிக்கின் அடிப்பகுதியை, தோலுக்கும் முடிச்சுக்கும் இடையில், இரண்டு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுவை தோலுக்குப் போகாது. சிக்கு இளக்கும் ஸ்பிரேயைச் சிறிது தெளித்து, முடிச்சை விரல்களாலேயே இரண்டாக, நான்காகப் பிரித்து, நுனியிலிருந்து தொடங்கிச் சீப்பின் ஓரப் பற்களால் வெளியே எடுக்க வேண்டும். கத்தரிக்கோலை மட்டும் தோலருகே கொண்டுபோகக் கூடாது. முடிச்சோடு தோலும் மேலே இழுபட்டு நிற்பதால், எது முடி, எது தோல் என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. சிக்கு உள்ள நாயை அப்படியே குளிப்பாட்டினால் முடிச்சு இன்னும் இறுகும், உள்ளே ஈரமும் தங்கும். ஆகவே சீவிய பிறகே தண்ணீர்.

லாப்ரடாருக்கு வேறு கணக்கு. உதிரும் அடிமயிரை எடுப்பதற்கென்று கூரிய பற்கள் கொண்ட பிளேடு வகைக் கருவிகள் விற்கப்படுகின்றன. குவியல் குவியலாக முடி வருவதைப் பார்க்க மனத்துக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அதே இடத்தில் அழுத்தித் திரும்பத் திரும்ப இழுத்தால், உதிராத மேல்முடியையும் அது வெட்டிவிடும், தோலும் சிவக்கும். ஆகவே முடி மிகுதியாகக் கொட்டும் பருவத்தில் மட்டும் அதைக் குறைவாகப் பயன்படுத்துகிறேன். மற்ற நாள்களில் ரப்பர் முட்கள் கொண்ட பிரஷே போதும். நாய்க்கும் அது பிடிக்கும், குளிக்கும்போதும் உதவும். வெயில் காலத்தில் இரட்டை அடுக்கு ரோமத்தை மழித்துவிட்டால் நாய்க்குக் குளிர்ச்சி என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. அந்த ரோமம் வெயிலின் நேரடிச் சூட்டையும் தடுக்கிறது. மழித்த பின் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதும் இல்லை. உதிர்ந்த அடிமயிரைச் சீவி எடுத்துக் காற்றோட்டத்துக்கு வழி செய்வதே சரி.

ஷாம்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அதன் அமில காரச் சமநிலையும் வேறு, நம் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது என்றால் நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. ஆகவே நம் ஷாம்பு அதற்கு வேண்டாம். தடித்த ஷாம்புவை அப்படியே ஊற்றாமல் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்தினால் சீராகப் பரவும், கழுவுவதும் எளிது. வெதுவெதுப்பான நீரில், கழுவும் நீரில் நுரையே இல்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை கழுவ வேண்டும். அடிவயிற்றிலும் விரலிடுக்கிலும் தங்கும் மிச்சமே பின்னர் அரிப்பாக வெளிப்படுகிறது. நறுமணம் கூடிய ஷாம்புகளை நான் விட்டுவிட்டேன். நாயின் மூக்குக்கு அது தேவையற்ற சுமை என்பதோடு, காதிலோ தோலிலோ தொற்று தொடங்கும்போது முதலில் எச்சரிக்கும் நாற்றத்தையும் அது மறைத்துவிடுகிறது. தோல் தொற்றுக்கு மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த ஷாம்புவை எழுதிக்கொடுத்தால், அது தோலில் சுமார் 10 நிமிடமாவது இருக்க வேண்டும். உடனே கழுவினால் பயனில்லை. கண்ணில் மட்டும் படக் கூடாது.

ஈரம் போக்குவதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது, ஏனெனில் பெரும்பாலானோர் இதை நாயிடமே விட்டுவிடுகிறார்கள். உடலை உதறிவிட்டால் மேல்முடி காய்ந்துவிடும்; அடர்ந்த அடிமயிரில் ஈரம் மணிக்கணக்கில் நிற்கும். அந்த ஈரத்தோடு நாய் ஓரிடத்தை நக்கவோ சொறியவோ தொடங்கினால், காலையில் சிறிய சிவப்பாக இருந்தது மாலைக்குள் நீர் கசியும் புண்ணாக விரிந்துவிடும். நீர் உறிஞ்சும் மைக்ரோஃபைபர் துண்டுகள் இரண்டை வைத்துக்கொண்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தால் பாதி வேலை முடியும். நீண்ட முடியைத் தேய்த்தால் புதுச் சிக்குகள் விழும். அடுத்து, சூட்டைவிடக் காற்றின் விசையை நம்பும் உலர்த்தி. நாங்கள் வாங்கியவற்றில் காசுக்கு மிகுந்த பயன் தந்தது இதுதான் என்பேன். இரைச்சல் உண்டு, ஆகவே முதலில் பக்கத்து அறையில் ஓடவிட்டு, பிறகு மெல்ல அருகில் கொண்டுவந்து, பின்னங்காலிலிருந்து தொடங்க வேண்டும். முகத்துக்கு நேராகக் காட்டவே கூடாது. மனிதர்களுக்கான உலர்த்தியானால் சூட்டைக் குறைந்த அளவில் வைத்து, நம் கையை இடையில் வைத்துப் பார்த்தபடியே பயன்படுத்த வேண்டும்.

நகம் வெட்டுவதுதான் பலர் அஞ்சும் வேலை. துளைக்குள் நகத்தை விட்டு வெட்டும் வகையைவிட, கத்தரி போன்ற இரு அலகுள்ள வகையே எனக்குக் கைகொடுத்தது. லாப்ரடாரின் தடித்த நகத்தை முன்னது நசுக்குகிறது, அந்த நசுக்கல்தான் நாய்க்கு வலி. ஷி சூவின் நகம் வெளிர்நிறம் என்பதால் உள்ளே ஓடும் இளஞ்சிவப்பு உயிர்ச்சதை தெரியும். லாப்ரடாரின் கருநகத்தில் அது தெரியாது. அங்கே வெட்டுமுகத்தைத்தான் பார்க்க வேண்டும்: மெல்லிய சீவலாக எடுக்க எடுக்க, முதலில் வெளிறிய பொடிப்பொடியான பரப்பு தெரியும், பிறகு நடுவில் கருமையான, சற்று ஈரம் மினுங்கும் ஒரு புள்ளி தோன்றும். அங்கே நிறுத்திவிட வேண்டும், அடுத்த சீவலில் இரத்தம்தான். இரத்தம் நிறுத்தும் பொடியை நகம் வெட்ட உட்காரும் முன்பே திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அது இல்லாவிட்டால் சோளமாவை அழுத்திப் பிடிக்கலாம். நகத்தை அரைக்கும் மின்கருவி ஓரங்களை மழுக்க நன்றாக உதவுகிறது. ஆனால் ஒரே இடத்தில் ஓரிரு நொடிக்கு மேல் வைத்தால் சுடும், ஷி சூவின் பாதமுடி அதில் சுற்றிக்கொள்ளவும் கூடும். அடிக்கடி சிறிதளவு எடுத்துவந்தால் உயிர்ச்சதையும் மெல்லப் பின்வாங்கும் என்பதை லாப்ரடாரிடம் நேரில் கண்டேன். முன்காலின் உட்புறம் மேலே நிற்கும் நகம் தரையில் படாததால் தேயாது. அதை மறந்தால் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கும்.

காதுக்குப் பஞ்சு சுற்றிய குச்சி வேண்டவே வேண்டாம். நாயின் செவிக்குழாய் நேராகக் கீழே இறங்கிப் பின் உள்நோக்கித் திரும்புகிறது. குச்சி அழுக்கை அந்தத் திருப்பத்தில் கொண்டுபோய் அடைக்கும். காது சுத்தம் செய்யும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசைந்தால், உள்ளே சளசளவென்ற ஒலி கேட்கும். நாய் தலையை உதறட்டும். மேலே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும். தொங்கு காது கொண்ட லாப்ரடாருக்கு, குறிப்பாக நீந்திய பிறகு, இதைச் செய்கிறோம். ஆரோக்கியமான காதை நாள்தோறும் கழுவினால் அதுவே எரிச்சலுக்குக் காரணமாகும். பழுப்பு நிறப் பிசுக்கும் புளித்த வாடையும் இருந்தால் ஈஸ்ட் என்னும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி நடந்தால், எந்தத் திரவத்தையும் ஊற்றாமல் மருத்துவரிடம் போக வேண்டும், செவிப்பறை கிழிந்திருக்க வாய்ப்புண்டு.

பல்லுக்கு வருவோம். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றின் மேல் படியும் மென்படலம் சில நாள்களிலேயே காரையாகக் கெட்டிப்படுவதால், வாரத்துக்கு ஒருமுறை துலக்குவதால் பெரிய பயனில்லை. நாள்தோறும், முடியாவிட்டால் ஒன்றுவிட்ட நாளாவது துலக்க வேண்டும். விரலில் மாட்டும் ரப்பர் பிரஷ் பழக்கப்படுத்துவதற்கு மட்டுமே உதவும். மென்மையான குழந்தைகள் பிரஷ்தான் ஈறோரத்தை எட்டுகிறது. கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கத்தை, அதிலும் மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல்லைத் துலக்கினால் முக்கிய வேலை முடிந்தது. பற்பசை நாய்க்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். நம் பற்பசை சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு. மெல்லும் பண்டங்களை வாங்கும்போது, 1997-இல் தொடங்கப்பட்ட கால்நடை வாய்நல அமைப்பான வி.ஓ.எச்.சி.யின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறேன். அவை துலக்குவதற்குத் துணை, மாற்று ஆகா.

தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் வீட்டு வைத்தியத்தை நம்ப வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தேயிலை மர எண்ணெய் இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. நாய்க்கு அது நஞ்சாகும். நெருக்கமான பற்கள் கொண்ட தெள்ளுச் சீப்பில் கருந்துகள் வந்தால் ஈரமான வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். செந்நிறம் பரவினால் அது தெள்ளின் எச்சம். நாயின் மேல் நாம் காணும் தெள்ளுகள் சிறு பகுதியே, முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் கிடப்பதால், விரிப்புகளை வெந்நீரில் துவைப்பதும் மருந்தோடு சேர்ந்த சிகிச்சைதான். பின்கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளில் பலவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது என்பதால், குளிப்பாட்டும் நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த மருந்தைத் தவிர்த்துவிடுங்கள். நாய் தாங்கும் அளவு பூனையைக் கொல்லும்.

சில வேலைகளை நான் வீட்டில் செய்வதில்லை. ஆசனவாய்ச் சுரப்பியைப் பிதுக்குவது, கெட்டிப்பட்ட காரையைச் சுரண்டுவது இரண்டும் கால்நடை மருத்துவருடைய பொறுப்பு. ஷி சூவின் முடியை மட்டும் சில வாரங்களுக்கு ஒருமுறை தொழில்முறை நிலையத்தில் கத்தரித்துக்கொள்கிறோம். விடுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்பேன்: ஒரு நாய்க்கும் அடுத்த நாய்க்கும் இடையில் பிளேடைக் கிருமிநீக்கம் செய்கிறார்களா, உலர்த்தும்போது பக்கத்தில் ஆள் நிற்கிறாரா. சூடான காற்று அடிக்கும் கூண்டுக்குள், பார்க்க ஆளில்லாமல் விடப்பட்ட நாய்கள் இறந்த நிகழ்வுகள் உண்டு; ஷி சூ போன்ற சப்பை மூக்கு நாய்கள் சூட்டில் மிக விரைவாகத் திணறும். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் நாயை விடாமல் திரும்ப அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.