குன்னூர், கோத்தகிரி கடைகளில் ‘வட்டியில்லாத் தவணை’: எடுக்கலாமா?

கொரோனா மந்தத்தில் தள்ளிப்போட்ட பிரிட்ஜையும் கீசரையும் வாங்க இப்போது மனம் வந்துவிட்டது. கையில்தான் பணம் முழுதாகச் சேரவில்லை. அந்த இடைவெளியில் நடக்கிற வியாபாரம்தான் கடைகளின் ‘வட்டியில்லாத் தவணை’. ரிசர்வ் வங்கி நகரங்களில் எடுக்கும் நுகர்வோர் நம்பிக்கைக் கணக்கில் 100-க்குக் கீழே என்றால் அவநம்பிக்கை. 2021 மே மாதம் அது 48.5. 2024 மார்ச்சில் 98.5 வரை ஏறியும் நூறைத் தொடவில்லை. மலையில் அந்தக் கணக்கெல்லாம் யாருக்குத் தெரியும்? பச்சைத் தேயிலை விலையும் சீசன் கூட்டமும்தான் இங்கே அளவுகோல்.

முதலில் விலை. தவணை என்ற சொல்லை எடுக்கும் முன்பே கடைசி ரொக்க விலையைக் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் தள்ளுபடி வாயில் வராது. உதாரணத்துக்கு, பலகையில் 24,000 ரூபாய் பிரிட்ஜ், ரொக்கத்துக்கு 22,800. தவணையில் மாதம் 2,400 வீதம் 10 மாதம், கூடவே பிராசசிங் கட்டணம் 499-உம் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும். ஆக மொத்தம் 1,789 ரூபாய் அதிகம். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 17 சதவீத வட்டி. ‘வட்டியில்லை’ என்பது பலகையில் மட்டும்.

கிரெடிட் கார்டில் எடுத்தால் கணக்கு வேறு. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி மட்டும் ஸ்டேட்மென்டில் தனியாக வந்து நிற்கும்.

இங்கே அதிகம் சறுக்குவது தேதியில். தவணை பெரும்பாலும் மாத முதல் வாரத்தில் கணக்கிலிருந்து தானாகப் போகும். தேயிலை ஃபேக்டரிக்குக் கொடுத்த இலைக்குப் பணம் வரும் நாளோ ஃபேக்டரிக்கு ஃபேக்டரி மாறும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்த கம்பெனி ஒரு அபராதம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். உறைபனியில் இலை கருகும் டிசம்பர், ஜனவரி மாதங்களும் தவணைக்குள் வருமென்றால், இரண்டு தவணைத் தொகையை முன்கூட்டியே கணக்கில் ஒதுக்கி வைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கையெழுத்துக்கு முன் கடனின் முக்கிய விவரத் தாளை (Key Facts Statement) கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு அது கட்டாயம். வட்டியும் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். கேட்காமலே சேர்த்துவிடும் இன்சூரன்ஸும் கூடுதல் வாரண்டியும் அங்கேதான் அகப்படும். வேண்டாம் என்றால் அப்போதே நீக்கிவிடச் சொல்லுங்கள்.

கீசருக்கு எடுக்கலாம், இந்தக் குளிரில் அது ஆடம்பரம் இல்லை. பெரிய டிவிக்கு அவசரம் வேண்டாம். ஸ்டெபிலைசர், கீசர் குழாய், மாட்டும் கூலி எல்லாம் தவணைக்குள் வருமா என்று பில் போடும் முன் கேளுங்கள். வண்டி போகாத மேட்டு வீடென்றால் படியேற்றும் சுமைகூலியையும் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.