ரொறன்ரோவில் ஏழு, யாழ்ப்பாணத்தில் நாலரை: பேஸ்போல் சீசனின் பின்பாதிக்கு எம்.எல்.பி. செயலி எப்படி?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் இருந்து அமெரிக்க பேஸ்போலைப் பின்தொடர, எம்.எல்.பி. (மேஜர் லீக் பேஸ்போல்) செயலியின் இலவசப் பகுதி ஜூலை கடைசி வரைக்கும் தாராளமாகப் போதும். வானொலிச் சந்தா கொடுத்த காசுக்கு மேலேயே பெறுமதி தரும். எம்.எல்.பி.ரிவி என்ற வீடியோச் சந்தாவை ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களுக்கு மட்டும் மாதக் கணக்கில் எடுப்பது புத்தி. மார்ச்சிலேயே முழு வருடத்துக்கும் கட்டுவது, ஒரு அணியின் 162 ஆட்டத்தையும் விடாமல் பார்க்கிற வெறி உள்ளவர்களுக்குத்தான் சரிவரும். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்கிற ட்ரேட் செய்திக்கு இந்தச் செயலியை மட்டும் நம்பினால், ஊரே கதைத்து முடித்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

இங்கே பேஸ்போல் பார்ப்பவர்களில் கனபேர் ரொறன்ரோவின் புளூ ஜேஸ் பக்கம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஸ்காபரோவில் ஆள் இல்லாத குடும்பம் எது? எல்லே ஆடிய ஆட்களுக்கு ஆட்டமும் அவ்வளவு அந்நியமில்லை. ஆனால் 'மாமாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்பம்' என்ற திட்டம் பலிக்காது. கனடாவுக்குள் புளூ ஜேஸ் ஆட்டங்கள் எம்.எல்.பி.ரிவியில் மறைக்கப்படும், அங்கே ஒளிபரப்பு உரிமை ஸ்போர்ட்ஸ்நெட்டிடம். மாமா கட்டுவது பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ்நெட் சந்தா, அது கனடாவுக்கு வெளியே ஓடாது. எம்.எல்.பி.ரிவியோ நீங்கள் எந்த நாட்டில் இருந்து இணைகிறீர்கள் என்றுதான் பார்க்கும். ஆகவே இங்கிருந்து இங்கத்தைய கணக்கில் எடுப்பதே நேர்வழி. கட்டுவதற்கு முன் ஒக்டோபர் பிளேஓஃப் (இறுதிக்கட்ட) ஆட்டங்கள் நம் நாட்டுக்குச் சேர்த்தியா என்பதை ஒருதரம் வாசித்துவிடுங்கள்.

நேரக் கணக்கு சுலபம். சீசன் முழுக்க அமெரிக்கக் கிழக்குக்கரை நேரத்தோடு ஒன்பதரை மணித்தியாலத்தைக் கூட்ட வேண்டும், மேற்குக்கரைக்குப் பன்னிரண்டரை. ரொறன்ரோவின் சொந்த மைதான இரவு ஆட்டம் வழமையாக 7:07க்குத் தொடங்கும், அதாவது இங்கே விடியப்புறம் 4:37. பகல் 1:07 ஆட்டம் இரவு 10:37. லொஸ் ஏஞ்சல்ஸில் இரவு 7:10 என்றால் இங்கே காலை 7:40, வேலைக்குப் போகிற ஆளுக்கு அது வானொலி மட்டும்தான். 2023இல் பந்தெறிய நேர எல்லை வைக்கிற பிட்ச் க்ளொக் வந்த பிறகு ஒன்பது இன்னிங்ஸ் சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குள் முடிகிறது. முன்னர் மூன்று மணி தாண்டும். விடிய எழும்பிப் பார்ப்பவனுக்கு அந்த இருபத்தைந்து நிமிடம் பெரிய கொடை: 4:37க்குத் தொடங்கியது ஏழேகாலுக்கு முடிந்துவிடும்.

செயலி நேரத்தை உங்கள் போனுக்கு ஏற்ப மாற்றிக் காட்டும், ஆனால் திகதியை அமெரிக்கக் கணக்கிலேயே வைத்திருக்கும். ஓகஸ்ட் 1 விடியப்புற ஆட்டத்தை ஜூலை 31 பக்கத்தில் தேட வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறுகிற முதல் இடம் இது. 'இன்றைக்கு ஆட்டமே இல்லையோ' என்று செயலியை மூடிவிடுவார்கள்.

அடுத்தது டேற்றா. வீடியோ நொடிக்கு 4 மெகாபிட் அளவில் ஓடினால் மணித்தியாலத்துக்கு 1.8 ஜி.பி., ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 4.8 ஜி.பி. தரத்தைக் குறைத்து 1 மெகாபிட்டில் ஓடவிட்டால் ஆட்டம் 1.2 ஜி.பி.யில் முடியும், பந்து ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும், ஸ்லைடர் எது, கேர்வ் எது என்று பந்தின் வகையைப் பிரிக்க முடியாது. வானொலியோ 64 கிலோபிட் என்று வைத்தால்கூட முழு ஆட்டத்துக்கும் 80 எம்.பி.யைத் தாண்டாது. நள்ளிரவுக்குப் பிந்திய 'நைட் டேற்றா' உள்ள பொதி வைத்திருப்பவர்கள், அது காலை எத்தனை மணி வரை என்று பாருங்கள். கிழக்குக்கரை ஆட்டங்கள் பெரும்பாலும் அதற்குள் அடங்கும், மேற்குக்கரை ஆட்டங்கள் பகல் டேற்றாவைத் தின்னும். லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் ரசிகனாக இருப்பது யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் செலவான காரியம்.

வீடியோ வாங்க முன் இணைப்பைச் சோதிக்க வழி உண்டு. நாளுக்கு ஒரு ஆட்டத்தை இலவசமாகத் தருகிறார்கள், கணக்குத் திறந்தால் போதும். அதை முதல் இரண்டு இன்னிங்ஸ் ஓடவிட்டுப் பாருங்கள். வட்டம் சுற்றாமல் ஓடினால் காசு கட்டலாம்.

செயலியில் உண்மையிலேயே கைதேர்ந்த வேலை என்றால் அது 'கேம்டே' பக்கம், அதுவும் இலவசம். நல்ல பந்தின் எல்லையைக் காட்டுகிற ஸ்ட்ரைக் பெட்டி ஒன்று நடுவில், ஒவ்வொரு பந்தும் இலக்கமிட்ட வட்டமாக அதில் விழும்: எந்த வகைப் பந்து, எத்தனை மைல் வேகம், எங்கே கடந்தது. கீழே வரிவரியாக விபரம் ஓடும். ட்ரேட் கெடு நெருங்குகிற ஜூலை கடைசி வாரத்தில் அந்த வரிகளைத்தான் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். நாலாவது இன்னிங்ஸ், காயம் என்று எதுவும் இல்லை, முன்னணி பட்டரை வெளியே எடுத்து மாற்றாள் ஒருவரை இறக்கியதாக ஒரு வரி வருகிறது என்றால், அந்த ஆள் ட்ரேட் ஆகி, டக்அவுட்டில் எல்லோரையும் கட்டிப்பிடித்து விடைபெறுகிறார் என்று அர்த்தம் கொள்ளலாம். வீடியோ பார்ப்பவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்கும். கேம்டே பார்ப்பவனுக்கு அந்த ஒரு வரிதான், ஆனால் அறிவிப்புக்கு முன்னரே வரும்.

இனி ட்ரேட் பக்கம். காற்பந்து ட்ரான்ஸ்பர் மாதிரி காசைக் கொடுத்து ஆளை வாங்குவதல்ல இது, பெரும்பாலும் ஆளுக்கு ஆள். ஒப்பந்தமும் ஆளோடு சேர்ந்து போகும். வீரரின் சம்மதம் தேவையில்லை. ஒப்பந்தத்தில் ட்ரேட் தடை விதி இருந்தாலோ, மேஜர் லீக்கில் பத்து வருடமும் அதில் கடைசி ஐந்து அதே அணியிலும் கழித்திருந்தாலோ மட்டும் அவர் மறுக்கலாம். கெடு ஜூலை கடைசியை ஒட்டி வரும். 2025இல் ஜூலை 31 மாலை 6 மணி, இங்கே ஓகஸ்ட் 1 விடியப்புறம் 3:30. முன்னர் ஓகஸ்டிலும் வேறு வழியில் ட்ரேட் செய்ய முடிந்தது, பிட்சர் (பந்தெறிபவர்) ஜஸ்டின் வேர்லாண்டர் 2017இல் ஹூஸ்ரனுக்குப் போனது ஓகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்னர். 2019இலிருந்து அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. அதனால்தான் இப்போது எல்லா அவசரமும் அந்தக் கடைசி மணித்தியாலத்தில் குவிகிறது. அலாரத்தை 3:30க்கு வைக்காதீர்கள், 2:30க்கு வையுங்கள். கெடு முடிந்த பிறகும் அரை மணிநேரத்துக்குச் செய்தி சொட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் கெடுவுக்குள் லீக் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், பகிரங்க அறிவிப்பு பிறகு வரலாம்.

செயலியின் பலவீனம் இங்கேதான். ஒரு ட்ரேட் மூன்று படியில் வரும்: நிருபர் சொல்வது, இரு அணியும் ஒத்துக்கொண்டு மருத்துவ அறிக்கை பார்க்கிற கட்டம், உத்தியோகபூர்வ அறிவிப்பு. செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் மூன்றாவது படி மட்டும்தான் ஏறும். முதல் இரண்டுக்கும் எம்.எல்.பி. ட்ரேட் ரூமர்ஸ் தளத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இலவசம், எழுத்து மட்டும் என்பதால் டேற்றாவும் கொஞ்சம். அதற்காக இரண்டாவது படியை முடிந்த காரியமாக எடுத்துவிடவும் கூடாது. 2015 ஜூலை 29 அன்று நியூயோர்க் மெற்ஸ் அணியின் வில்மர் ஃப்ளோரஸ் தன்னை மில்வோக்கிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, மைதானத்தில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினார். மருத்துவ அறிக்கையில் சிக்கி அந்த ட்ரேட் உடைந்தது. இரண்டு நாள் கழித்து, கெடு நாளில், அதே ஃப்ளோரஸ் 12ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து வாஷிங்டனை வீழ்த்தினார். மெற்ஸ் அந்த வருடம் நஷனல் லீக் பட்டத்தையும் எடுத்தது.

கெடு முடிந்த மறுநாளே வெற்றியாளர், தோல்வியாளர் என்று புள்ளி போட்டு வருகிற கட்டுரைகளைத் தாண்டிப் போங்கள். 2025இல் மெற்ஸ் ரையன் ஹெல்ஸ்லி, ரைலர் ரொஜர்ஸ், கிரெகரி சோட்டோ, செட்ரிக் மலின்ஸ் என்று அள்ளியது, பிளேஓஃப்புக்கே போகவில்லை. 2021இல் அட்லாண்டா ரொனால்ட் அக்குன்யாவை முழங்கால் காயத்துக்கு இழந்து, வெற்றி ஐம்பது வீதத்துக்குக் கீழே கிடந்த நிலையில், பீடர்சன், சோலேர், ரொசாரியோ, டுவால் என்று நாலு அவுட்ஃபீல்டர்களைப் பொறுக்கியது. பெரிய விலை எதுவும் இல்லை. ரொசாரியோ லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர், சோலேர் உலகத் தொடரின் சிறந்த வீரர், கிண்ணம் அட்லாண்டாவுக்கு. விலை தெரிய வருடங்கள் எடுக்கும் என்பதற்கு டிட்ரொயிட்டைப் பாருங்கள்: 1987இல் பிட்சர் டொயில் அலெக்சாண்டர் வந்து 9 வெற்றி, தோல்வியே இல்லை, டிவிஷன் (லீக்கின் உட்பிரிவு) பட்டமும் கிடைத்தது. பதிலுக்குக் கொடுத்த பையன் ஜோன் ஸ்மோல்ட்ஸ், பின்னாளில் ஹோல் ஒஃப் ஃபேமுக்குப் போனவர்.

ட்ரேட்டை நீங்களே எடைபோட முதலில் தெரிய வேண்டியது, வந்த ஆளின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது. சீசனோடு முடிந்தால் அவர் இரண்டு மாத வாடகை. இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்தால் கொடுத்த இளம் வீரர்களின் தரமும் கூடியிருக்கும், அது நியாயம். செயலியின் வீரர் பக்கம் அடித்ததையும் எறிந்ததையும் காட்டும் அளவுக்கு இதைக் காட்டாது. பேஸ்போல் ரெஃபரன்ஸ் தளத்தில் வீரரின் பக்கத்திலேயே இருக்கிறது.

செப்டெம்பருக்கு வருவோம். இங்கத்தைய ரசிகனுக்கு இரண்டு ஜி.பி. பிரச்சினை: ஒன்று டேற்றா, மற்றது புள்ளி அட்டவணையில் எத்தனை ஆட்டம் பின்னால் என்று காட்டுகிற நிரல். முதலணியின் வெற்றியில் இருந்து உங்கள் அணியின் வெற்றியைக் கழியுங்கள், உங்கள் தோல்வியில் இருந்து அவர்களின் தோல்வியைக் கழியுங்கள், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை வித்தியாசப்பட்டால் அரை வரலாம். அரை வந்தால் தோல்வி நிரலைப் பாருங்கள். ஆடாத ஆட்டத்தை இனியும் வெல்லலாம், தோற்றதை மாற்ற முடியாது.

செயலி முதலில் டிவிஷன் அட்டவணையைத்தான் காட்டும். ஓகஸ்டுக்குப் பிறகு மேலே உள்ள வைல்ட் கார்ட் தாவலுக்குப் போய்விடுங்கள். மேஜர் லீக்கில் உள்ள இரண்டு லீக்கிலும் 2022இலிருந்து பிளேஓஃப்புக்குத் தலா ஆறு அணி: மூன்று டிவிஷன் வெற்றியாளர், மூன்று வைல்ட் கார்ட், அதாவது மற்றவற்றில் கூட வென்றவை. முதல் இரண்டு டிவிஷன் வெற்றியாளருக்கு முதற்சுற்று ஓய்வு. மற்ற நாலும் மூன்று ஆட்டத் தொடர், முழுக்க உயர்ந்த இடத்து அணியின் மைதானத்தில். 'ஈ' எழுத்தோடு உள்ள நிரல் வெளியேற்ற எண்: 163இல் இருந்து முன்னால் நிற்கும் அணியின் வெற்றியையும் உங்கள் தோல்வியையும் கழித்தால் வரும். அவர்கள் 80 வெற்றி, நீங்கள் 65 தோல்வி என்றால் 18. அவர்கள் ஒன்று வென்றாலும் நீங்கள் ஒன்று தோற்றாலும் ஒன்று குறையும்.

இந்தக் கணக்கில் கனபேர் விடுகிற பிழை சமநிலை. முன்னர் சமமாக முடிந்தால் 163ஆவது ஆட்டம் என்று ஒன்று ஆடுவார்கள். 2022இலிருந்து அது இல்லை, ஒருவரோடொருவர் ஆடியதில் யார் கூட வென்றார் என்பதே முதல் தீர்ப்பு. 2025இல் புளூ ஜேஸும் நியூயோர்க் யாங்கீஸும் 94க்கு 68 என்று சமமாக முடித்தன. நேரடி ஆட்டங்களில் 8க்கு 5 என்று ரொறன்ரோ முன்னால் இருந்ததால் டிவிஷனும் ஓய்வும் அவர்களுக்கு. மெற்ஸும் சின்சினாட்டியும் 83க்கு 79. சின்சினாட்டி 4க்கு 2, மெற்ஸ் வீட்டுக்கு. இந்த நேரடிக் கணக்கு அட்டவணையில் முகத்துக்கு நேரே நிற்காது. உங்கள் அணிக்குப் போட்டியாக நிற்கிற இரண்டு மூன்று அணிகளுக்கும் ஓகஸ்டிலேயே ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீத வாய்ப்புப் பார்க்க ஃபேன்கிராஃப்ஸ் தளம் நல்லது. மிச்ச சீசனை 20,000 தடவை கணினியில் ஆடிப்பார்த்துச் சொல்கிறது. ட்ரேட் நடந்த அன்றே அந்த எண்ணைப் பார்த்துத் துள்ள வேண்டாம், அணிப் பட்டியல் திருத்தப்பட்ட பிறகுதான் அசையும். சின்ன எண்ணைப் பூச்சியமாகவும் வாசிக்காதீர்கள். அதே 2025இல் கிளீவ்லாண்ட் பதினைந்தரை ஆட்டம் பின்னால் நின்று டிட்ரொயிட்டைப் பிடித்து, 88க்கு 74 என்று ஒரு ஆட்டத்தால் டிவிஷனை எடுத்தது. அந்தக் கிளீவ்லாண்ட்தான் ஜூலை 31இல் பிட்சர் ஷேன் பீபரை ரொறன்ரோவுக்குக் கொடுத்த அணி என்பது இதில் வேடிக்கை.

வாங்கியதும் செய்ய வேண்டியவை இரண்டு. அமைப்புகளில் 'ஸ்கோரை மறை' என்பதைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பின்னேரம் முழு ஆட்டத்தையும் திருப்பிப் பார்க்க இருந்தவனுக்கு முதல் திரையிலேயே முடிவு தெரிந்துவிடும். நேரலை பார்க்கும்போது ரன் அறிவிப்புகளை நிறுத்துங்கள். வீடியோ பின்னால்தான் வரும், பிட்சர் கையை ஓங்க முன்னரே போன் ஹோம் ரன் என்று அதிரும். 2025 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் இங்கே நவம்பர் 2 காலை. பதினோராவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ரொறன்ரோவுக்கு அதே பீபர் எறிகிறார், டொட்ஜர்ஸின் வில் ஸ்மித் ஹோம் ரன் அடிக்கிறார். அதைத் திரையில் காண முன் போன் சொல்லிவிட்டால் நாலு மாதம் விழித்திருந்ததற்கு என்ன பலன்?

பணம் கட்டும் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும், வங்கி தன் பங்கையும் சேர்த்தே கழிக்கும். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும். உங்கள் அணி வெளியேறிய அன்றே அதை நிறுத்திவிடுங்கள். கட்டிய மாதம் முடியும் வரை பார்க்கலாம், யாங்கீஸ் தோற்பதையாவது.