உடனே பதிலா, வெள்ளிக்கிழமை வரை தவணையா?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் தொழிலுக்கு முதலீடு கேட்டுப் போகிறவரிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "கழிவுநீருக்கு என்ன செலவாகும்?" தோல் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்துவிட்டது. கேட்பவர் காரணத்தோடுதான் கேட்கிறார்.

கணக்கு கையில் இல்லையென்றால் தோராயமாக ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். பேச்சு தடைபடாது. ஆனால், "ஒரு சதுர அடி தோலுக்கு எவ்வளவு விழுகிறது?" என்பதுதான் அடுத்த கேள்வி. வேலூரில் ஒரு சந்திப்பில் நான் அங்கேதான் திணறினேன். எதிரில் இருந்தவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார். அதன்பிறகு நான் சொன்ன எதையும் அவர் எழுதிக்கொள்ளவில்லை, சரியான எண்களைக்கூட.

இன்னொரு வழி: "இந்தக் கணக்கு இப்போது என்னிடம் இல்லை ஐயா. வெள்ளிக்கிழமைக்குள் சுத்திகரிப்பு நிலைய ரசீதுகளோடு அனுப்புகிறேன்" என்று சொல்லி, அவர் கண்ணெதிரே குறித்துக்கொள்வது. அந்த நிமிடம் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் இதையே தேர்ந்தெடுங்கள், வியாழக்கிழமையே அனுப்பிவிடுங்கள்.

அடக்க விலைக்கும் கடன் பாக்கிக்கும் மட்டும் இந்தத் தவணை செல்லாது. அவை நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.