பார்க்கர் 51: வாக்குமாட்டிக்கா, ஏரோமெட்ரிக்கா?

பார்க்கர் 51 மைப்பேனையில் மை நிரப்பும் முறைப்படி வாக்குமாட்டிக், ஏரோமெட்ரிக் என்று இரண்டு ரகம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பேனைதான். அதே லூசைட் (ஒருவகை அக்ரிலிக் பிளாஸ்டிக்) உடல், நிப்பின் நுனி மட்டும் எட்டிப்பார்க்கும் அதே மூக்கு. 1941இல் சந்தைக்கு வந்த வாக்குமாட்டிக்கில் வால்முனை மூடியைத் திருகிக் கழற்றினால் அழுத்தும் தண்டு தெரியும். 1948இல் வந்த ஏரோமெட்ரிக்கில் உடலைக் கழற்றினால் உலோக உறைக்குள் மைப்பை இருக்கும். இரண்டும் கைக்கு வந்தபோது நான் ஏரோமெட்ரிக்கை எழுத வைத்துக்கொண்டேன். மாமாவின் வாக்குமாட்டிக் அலுமாரியில் இருக்கிறது.

எழுதும் சுகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மை கொள்ளுவதில் வாக்குமாட்டிக்தான் முன்னுக்கு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் எல்லாம் கடைசியில் இறப்பரில் வந்து நிற்கிறது. வாக்குமாட்டிக் மையை உறிஞ்சுவது ஒரு மெல்லிய இறப்பர் சவ்வால். சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இறப்பர் கெதியாகக் கெடும். மட்டக்களப்பு வாவிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: கட்டி வைத்த கடதாசியோடு இறப்பர் வளையம் உருகி ஒட்டிக்கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தச் சவ்வுக்கும் அதே கதிதான்.

மாற்றலாம், சரி. ஆனால் உறிஞ்சும் பகுதியைக் கழற்ற அதற்கென்றே செய்த சாவி வேண்டும். குறட்டால் பிடித்துத் திருகினால் மரை பிய்யும், உடலும் வெடிக்கலாம். உள்ளே ஒட்டிக்கிடக்கும் பழைய இறப்பரைச் சுரண்டி எடுக்க வேண்டும். சரியான அளவுச் சவ்வை இங்கே எந்தக் கடையிலும் நான் காணவில்லை. வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் தபால் செலவு சவ்வின் விலையைத் தாண்டும். அப்புறம், புதுச் சவ்வும் இறப்பர்தானே, காலம் போக அதே வேலை திரும்ப வரும். இந்தச் சவ்வை நானே மாற்றியதில்லை, மாற்றுகிறவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான். கைப்பழக்கம் உள்ளவருக்கு இவ்வளவு பயம் இல்லாமல் இருக்கலாம்.

ஏரோமெட்ரிக்கின் பை பீ.வீ.சீ. இறப்பர் மாதிரி உருகிப் பிசுபிசுக்காது. பல பேனைகளுக்குக் கழுவுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. சாதாரணத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, நிப்பை அமிழ்த்தி, உறையில் உள்ள கம்பியை அழுத்தி அழுத்தி விடுங்கள். காய்ந்த மை நாள்கணக்கில் நீலமாக வந்துகொண்டே இருக்கும், அவசரப்பட வேண்டாம். பிறகு வெறும் தண்ணீரில் அலசி, நிப் கீழே இருக்கும்படி டிசுவில் நிறுத்தி வைத்தால் மிச்சத்தையும் அது இழுத்துவிடும். ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம், லூசைட்டில் மயிரிழை வெடிப்பு விழும். மூக்கை ஷெல்லாக் என்ற அரக்குப் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். அவசியம் இல்லாமல் அதைக் கழற்றவும் போகாதீர்கள்.

விற்கிற எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். மூடியிலும் வாலிலும் கல் மாதிரி அலங்காரக் குமிழ் பதித்த தொடக்ககால வாக்குமாட்டிக்கைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குவார்கள். அந்த ரகம் கையில் இருந்தால் திருத்தத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஏரோமெட்ரிக் வாங்கப் போனால் ஒரு கோப்பைத் தண்ணீர் கேளுங்கள். நிப்பை அமிழ்த்திக் கம்பியை அழுத்தினால் குமிழி வர வேண்டும், விட்டால் தண்ணீர் ஏற வேண்டும். குமிழி வராவிட்டால் காய்ந்த மை அடைத்திருக்கலாம், பை வெடித்தும் இருக்கலாம். இரண்டில் எது என்று கடையில் நின்று கண்டுபிடிக்க முடியாது, அதனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.