புள்ளி தெரிய வேண்டும்: 50 மி.மீ. லென்ஸோடு இரண்டு ஆண்டுகள்

மதுரையை அடுத்த கீழக்குயில்குடிக் குளக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்த படத்தை மாமியாரிடம் காட்டினேன். என் சின்னம்மா மகள் அரக்கு நிறச் சுங்குடிப் புடவையில், ஆலமர விழுதைப் பிடித்தபடி நிற்கிறாள். கண்ணிமை முடிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. பின்னால் தாமரைக் குளம் பச்சையாகக் கரைந்து, சமணர் மலையின் பாறை வெறும் சாம்பல் நிழலாகிவிட்டது. இந்த லென்ஸை வாங்கியதே இப்படி ஒரு படத்துக்காகத்தான் என்று அன்று நினைத்தேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "முகம் லட்சணமாக இருக்கிறது. புள்ளியைக் காணோமே? புள்ளி இல்லாமல் இதைச் சுங்குடி என்று யார் நம்புவார்கள்?" என்றார்.

அத்தை திருமணத்துக்கு முன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுங்குடி முடிச்சுப் போட்டவர். துணியைச் சிட்டிகையாகக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சாயத்தில் முக்கி எடுத்துக் காயவைத்து அவிழ்த்தால், நூல் இறுக்கிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அச்சடித்த புடவையில் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு. கையால் முடிந்ததில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அந்த இடத்தில் துணியும் லேசாகச் சுருங்கி மேடிட்டிருக்கும். தங்கை வீட்டிலிருந்து விற்பது கையால் முடிந்த புடவைகளை. அந்த வித்தியாசத்துக்குத்தான் அவள் கூடுதல் விலை கேட்கிறாள். அதையே நான் மங்கலாக்கி வைத்திருந்தேன்.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் இந்த லென்ஸை நான் ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்கினேன். அதனால்தான் இரண்டு ஆண்டுகள் கழித்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

லென்ஸ், கேனன் ஈஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம். எஃப் எண் என்பது ஒளி நுழையும் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. 2015-இல் வெளிவந்தது. எடை ஏறத்தாழ 160 கிராம், கைக்குள் அடங்கிவிடும். இதற்கு முந்தையது 1990-இல் வந்த மாடல். அதில் கேமராவோடு பொருந்தும் வளையம் பிளாஸ்டிக், துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள் ஐந்து. இதில் வளையம் உலோகம், இதழ்கள் ஏழு. இதழ்கள் கூடியதால் பின்னணியில் விழும் விளக்குப் புள்ளிகள் வட்டத்துக்குச் சற்று நெருக்கமாக வருகின்றன. என் கேமரா கேனன் 1500டி. அதன் சென்சார் சிறியது என்பதால் 50 மி.மீ. லென்ஸ், முழு அளவு சென்சாரில் 80 மி.மீ. லென்ஸ் காட்டும் பார்வையைத் தரும். முகத்துக்கு நல்ல தூரம் அது. மூக்கு பெரிதாகத் தெரியாது, காது பின்னுக்குப் போய்விடாது.

இனிப் புடவைக்கு வருகிறேன். தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க வேண்டுமானால் இந்த லென்ஸோடு ஏறத்தாழ நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். வீட்டுக் கூடத்தில் அது நடக்காது. பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் இடுப்பு வரைதான். அதனால்தான் ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிறு விடியலில் கீழக்குயில்குடிக்கு வண்டியை எடுக்கிறோம். அவ்வளவு தூரம் தள்ளி நின்றால் எஃப் 2.8-இல்கூட முன்னும் பின்னுமாக 80 சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்துக்குக் கூர்மை கிடைக்கும். கொசுவம், முந்தானை, முகம் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். இரண்டு மீட்டரில் இடுப்பளவுப் படம் எடுக்கும்போதுதான் சிக்கல். எஃப் 1.8-இல் கூர்மை மொத்தமே 11 சென்டிமீட்டர். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் முன்னால் நீட்டிய கையில் விரித்திருக்கும் முந்தானை கரைந்துபோகும். என் முதல் படத்தில் நடந்தது இதுதான். அதே இடத்தில் எஃப் 5.6 வைத்தால் 34 சென்டிமீட்டர் வரை கிடைக்கும். பின்னணி அப்போதும் மென்மையாகவே இருக்கும், ஏனென்றால் குளம் முப்பது நாற்பது அடி தள்ளி இருக்கிறது. பின்னணி மங்க வேண்டுமானால் துளையைத் திறப்பதைவிட ஆளைச் சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி நிறுத்துவது நல்லது. இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

முழுதாகத் திறந்த நிலையில் இன்னொன்றும் நடக்கும். விலை குறைந்த, ஒளி அதிகம் வாங்கும் எந்த லென்ஸிலும் இருப்பதுதான்: வெயில் படும் ஜரிகை ஓரத்தில் மெல்லிய ஊதாக் கோடு. சாதாரணப் படத்தில் கண்ணில் படாது. அரக்குப் புடவையின் பொன் கரையில் பட்டால், புடவை வாங்குகிறவர் கரையின் நிறமே அதுதான் என்று எண்ணிவிடுவார். எஃப் 4-க்கு மேல் மூடினால் பெரும்பாலும் மறைகிறது. துணியின் இழைகளும் அங்கேதான் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிகின்றன.

மறு ஞாயிறு அதே புடவை, அதே ஆலமரம். காலை ஏழு மணிக்கு முன்பே வெயில் பக்கவாட்டிலிருந்து விழுந்தது; மறுபக்கம் ஒரு தெர்மோகோல் பலகையைச் சின்னம்மா பிடித்துக்கொண்டார். தங்கை, "அக்கா, வெளிச்சம் கண்ணில் குத்துகிறது" என்றதும் பலகையை மார்பளவுக்கு இறக்கினோம். எஃப் 5.6, பக்க வெளிச்சம். முடிச்சு அவிழ்ந்த ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு துளி நிழல் விழுந்தது. அன்று மாலை அத்தை கேமராத் திரையைப் பெரிதாக்கி, விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கே நூல் நழுவியிருக்கிறது பார். புள்ளி நீண்டுவிட்டது. கட்டியவள் சின்னப் பெண்ணாக இருப்பாள்" என்றார். அதைவிட நல்ல மதிப்பெண் இந்த லென்ஸுக்கு வேறு யாரும் தர முடியாது.

அப்படியென்றால் எஃப் 1.8 எதற்கு? வீட்டுக்கு.

நான் வேதியியல் ஆசிரியை. வாரத்தில் ஆறு நாள் பள்ளி, விடைத்தாள், சமையல். பகல் வெளிச்சத்தில் என் மகனையோ அத்தையையோ கேமராவோடு பார்க்க முடிவது அபூர்வம். என் வீட்டு வாழ்க்கை மாலை ஆறு மணிக்கு மேல், ஒரே ஒரு எல்இடி பல்பின் கீழ் நடக்கிறது. கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ், 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. இது 1.8 வரை திறக்கும். இரண்டுக்கும் வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்து மடங்கு வித்தியாசம். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600-இல் கிட் லென்ஸ் 1/8 நொடி கேட்கும் இடத்தில் இது 1/80 நொடியில் முடித்துவிடும். 1/8-இல் எடுத்தால் பல் தேய்க்கும் பையனின் கை ஒரு வெள்ளைப் புகை. 1/80-இல் அது கை. ஃபிளாஷ் போட்டிருந்தால் அவன் உடனே கேமராவைப் பார்த்துச் சிரித்திருப்பான். எனக்கு வேண்டியது அந்தச் சிரிப்பு இல்லை. விழுந்த பல்லின் ஓட்டையை நாக்கால் தடவிக்கொண்டே கணக்குப் போடும் முகம் வேண்டும். அது கிடைத்தது.

அத்தை மல்லிகை தொடுக்கும் படம்தான் இந்த இரண்டு ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த லென்ஸ் 35 சென்டிமீட்டர் வரை நெருங்க விடும். முந்தைய மாடலில் 45 வரைதான். அந்தப் பத்து சென்டிமீட்டர் பெரிய காரியம். ஈர வாழை நாரை இடது கட்டைவிரலில் சுற்றி, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் வைத்து, வலது ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு. அந்தச் சுண்டும் நொடியில் எடுத்தேன். அவ்வளவு நெருக்கத்தில் எஃப் 1.8-இன் கூர்மை இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், ஒரு மொட்டின் பருமன்கூட இல்லை. இருபது படங்களில் ஒன்று சரியாக விழுந்தது. அதில் நார் தெளிவு, நகத்தின் வெடிப்பு தெளிவு, மற்றெல்லாம் வெள்ளைப் பஞ்சு. முடிச்சுப் போட்ட கை என்பது பார்த்தாலே தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இதில் இல்லை. 1/80-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோகஸ் ஆகும்போது முன்பகுதி சற்று வெளியே நீளும், ஆகவே பையில் போடும் முன் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். வெயில் மறைப்பான் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். 1500டி-யில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள். நடுவில் இருப்பது மட்டுமே குறுக்கு வகை, அதாவது நெடுக்கும் குறுக்குமாக இரு திசைக் கோடுகளையும் பார்த்து ஃபோகஸ் பிடிப்பது. அதனால் அதையே நம்பத் தோன்றும். ஆனால் நடுப்புள்ளியைக் கண்ணில் வைத்துப் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பினால், எஃப் 1.8-இல் கூர்மை கண்ணிலிருந்து காதுக்கு நழுவிவிடும். கண்ணுக்கு அருகில் உள்ள புள்ளியையே தேர்ந்தெடுங்கள்.

வாங்குவது பற்றி ஒன்று. முதலில் இதே லென்ஸைப் பழைய பொருளாக ஒரு கடையில் வாங்கினேன். வெளியே கீறல் இல்லை, கண்ணாடி பளபளத்தது. வீட்டுக்கு வந்து கைபேசி விளக்கைப் பின்புறம் பிடித்துப் பார்த்தால், உள் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல்போல் பூஞ்சை. "விற்ற பொருள் திரும்ப எடுப்பதில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதச் சேமிப்பு அது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. பழையது வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே விளக்கடித்துப் பாருங்கள். பிறகு நான் ரசீதோடு புதிதாக வாங்கினேன். அப்போது விலை ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மதுரையிலும் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு லென்ஸை வையுங்கள். நீலமாக இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும். சூடுகாட்டினால் மறுபடி நீலமாகும். ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பு, உடலுக்குக் கெடுதல். அடுப்பங்கரைப் பாத்திரத்தில் சூடாக்காதீர்கள். நான் என்னுடையதைப் பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் உலர்த்திக்கொள்கிறேன்.