சிக் பி365: இடுப்பில் மூன்று வருடம்

ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதை ஒட்டிய சின்னக் கடையும் நடத்துகிறோம். காலை வீட்டுக்காரர், மாலை நான். இரவு பத்தரைக்குக் கல்லாவை எண்ணி முடித்து, கதவைப் பூட்டி, பணப்பையோடு கார் வரைக்கும் நடக்கிற நாற்பது அடிக்காகத்தான் சிக் சாவர் பி365 என்ற இந்தக் கைத்துப்பாக்கியை வாங்கினேன். வேறு வீரதீரக் கதை எதுவும் இல்லை. இதுவரை, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு வெளியே ஒருமுறைகூட சுடுவதற்காக உறையிலிருந்து எடுக்கவில்லை. இப்படியே எடுக்காமல் காலம் போனால் பழனிக்கு வந்து முடி இறக்குவதாக வேண்டுதல் இருக்கிறது. நான் திண்டுக்கல்காரி, பழனி பக்கத்து ஊர்தான்.

கிரீன் கார்டு வரும்வரை இந்த யோசனையே கிடையாது. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒன்றிரண்டு விலக்குகள்தான். கார்டு கையில் வந்து ஒரு வருடம் கழித்து, 2022ல், கடைக்குப் போனேன்.

முதலில் போன கடையில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கேட்டது நான். விற்பனையாளர் பதில் சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்து. அப்புறம் என் முன்னால் ஒரு இளஞ்சிவப்புப் பிடி போட்ட ஐந்து குண்டு ரிவால்வரை வைத்து, 'பெண்களுக்கு இதுதான் சுலபம்' என்றார். இழுத்துப் பார்த்தேன். அந்த மாதிரிக் குட்டி ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் டிரிகரே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி விடவேண்டும், அத்தனை அழுத்தம். கைப்பிடியோ குட்டி. பழகாத கைக்கு அதைவிடக் கஷ்டமான ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, வாடகைக்குத் துப்பாக்கி தருகிற ரேஞ்சுக்குப் போனேன். வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஒரே மாலையில் மூன்றைச் சுட்டேன். ரூகர் எல்சிபி (2008ல் வந்தது, .380 ஏசிபி குண்டு, காலியாக 270 கிராம்கூட இல்லை), கிளாக் 43 (2015, 9 எம்எம், குண்டு அடுக்கும் மேகசினில் 6), சிக் சாவர் பி365 (2018, 9 எம்எம், மேகசினில் 10). எல்சிபி உள்ளங்கையில் காணாமல் போகிறது; சுட்டால்தான் இருப்பது தெரிகிறது. எடை குறையக் குறைய உதை முழுவதும் கைக்குத்தான் வரும், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது மேகசினில் என் கட்டைவிரல் மூட்டு போதும் என்றது.

பி365 வந்தபோது அவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணம் அந்த மேகசின்தான். அதுவரை இந்த அளவு 9 எம்எம்மில் ஆறோ ஏழோ குண்டுதான். அவர்கள் குண்டுகளை நெருக்கி மாற்றி மாற்றி அடுக்கி, மேலே வரும்போது ஒற்றை வரிசையாகக் குறுக்கி, அதே ஒல்லி உடம்பில் பத்தைத் திணித்தார்கள். அடுத்த வருடமே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், 2021ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ் என்று எல்லோரும் அந்த வழிக்கு வந்தார்கள். பி365ன் நீளம் 5.8 அங்குலம், உயரம் 4.3, தடிமன் 1 அங்குலம். காலி எடை மேகசினோடு அரைக் கிலோ. மேகசினில் பத்து, குழலில் ஒன்று என்று பதினொரு குண்டு போட்டு எங்கள் சமையலறைத் தராசில் வைத்தபோது 640 கிராம் காட்டியது. ஒரு வேளைக் குழம்புக்கு வாங்குகிற கத்திரிக்காய். கேட்க ஒன்றுமில்லை, ஆனால் காலை முதல் இரவு வரை இடுப்பின் ஒரே பக்கத்தில் கத்திரிக்காயைக் கட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.

வரிக்கு முன் ஐநூறு டாலருக்குக் கொஞ்சம் மேல் ஆனது. 4473 என்கிற படிவத்தை நிரப்பினால் எஃப்பிஐ பின்னணி சரிபார்க்கும். முன்னால் நின்றவருக்குப் பத்து நிமிடம், எனக்கு இரண்டு நாள். சரி, பார்க்கட்டும்.

சுடுவதற்கு எப்படி? இந்த அளவுக்கு மிகவும் நல்லது என்பேன். பெட்டியில் இரண்டு மேகசின் வரும், ஒன்று தட்டையான அடி, இன்னொன்றில் சுண்டுவிரலுக்கு ஒரு நீட்டல். தட்டையானதைப் போட்டால் என் சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறது. ஏழு கஜத்தில் என் குண்டுகள் ஒரு உள்ளங்கைக்குள் விழுகின்றன. பதினைந்து கஜத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு. கை தளர்ந்த நாளில் தட்டு வாழை இலையாகிவிடும். இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் குறிகள் இருக்கின்றன. பன்னிரண்டு வருடத்தில் பாதி ஒளி போய்விடும் பொருள் அது என்பதையும் நினைவில் வையுங்கள். எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், சட்டப்படி 'துப்பாக்கி' என்பது உள்ளே இருக்கும், சீரியல் நம்பர் பொறித்த எஃகுப் பகுதி மட்டுமே. வெளிக் கைப்பிடி வெறும் பிளாஸ்டிக் உறை. எட்டு மாதம் கழித்துக் கொஞ்சம் நீளக் கைப்பிடி ஒன்றை வாங்கி நானே மாற்றினேன். சுண்டுவிரல் குடியேறிவிட்டது.

துப்பாக்கியின் மேல் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுப்பது கஷ்டம் என்று பெண்கள் பலர் சொல்வார்கள். இந்த வகை எல்லாவற்றிலுமே ஸ்பிரிங் விறைப்பாகத்தான் இருக்கும். ரேஞ்சில் ஒரு வயதான அம்மாள்தான் சொல்லிக் கொடுத்தார்: ஸ்லைடை இழுக்காதே, அதை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளு. அம்மிக்கல்லைத் தள்ளிப் பழகின உடம்புக்கு அது உடனே புரிந்தது. மேகசினில் கடைசி இரண்டு குண்டு போட மட்டும் இன்றும் குண்டை அழுத்தித் திணிக்கும் பிளாஸ்டிக் கருவி வேண்டும். இல்லாவிட்டால் நகம் போகும்.

இதுவரை 2,400 குண்டுக்கு மேல் சுட்டிருக்கிறேன், கணக்கு நோட்டில் எழுதி வைப்பது கடைக்காரப் புத்தி. இரண்டு முறை குண்டு உள்ளே சிக்கியது. இரண்டுமே மலிவாகக் கிடைத்ததென்று வாங்கின ஒரு பெட்டிக் குண்டு. பழகுவதற்குச் சாதா 115 கிரெய்ன் (குண்டு முனையின் எடை), ஒரு குண்டு கால் டாலர் வாக்கில். இடுப்பில் போடுவது முனை குழிந்த ஹாலோ பாயின்ட். அது உடம்பில் பட்டால் விரிந்து நின்றுவிடும். துளைத்துக்கொண்டு போய் பின்னால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்பு குறைவு. எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இதை இடுப்பில் வைத்துக்கொள்ள முடியாது.

இனிதான் உண்மையான பாடு: உடுப்பு. இந்த விஷயத்தில் இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஜீன்ஸ் போட்ட ஆண்கள் சொல்வது. சுடிதார் நாடாவில் எதை மாட்டுவது? இணையத்தில் முதலில் வாங்கின இருபது டாலர் துணி உறை, மளிகைக் கடை வாசலில் இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டையைத் தூக்கக் குனிந்தபோது அப்படியே கவிழ்ந்துகொண்டது. துப்பாக்கி விழவில்லை, குர்தாவுக்குள் தலைகீழாகத் தொங்கியது. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டே கார் வரை நடந்தேன். அன்றே குப்பையில் போட்டேன். அந்தத் துணி டிரிகரைக்கூட ஒழுங்காக மூடவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. உறை என்றால் டிரிகரைச் சுற்றிக் கெட்டியாக மூட வேண்டும், வளையக் கூடாது. இப்போது வைத்திருப்பது கைடெக்ஸ் என்கிற கடினப் பிளாஸ்டிக்கில் செய்தது, பேண்ட் நாளில் விறைப்பான பெல்ட்டோடு. சுடிதார் நாளில் அதே மாதிரிக் கெட்டி உறை வைத்த அகல எலாஸ்டிக் பட்டையை இடுப்பில் சுற்றிக்கொள்வேன். ஹூஸ்டன் ஆகஸ்டில் அந்தப் பட்டைக்குள் என்ன நடக்கும் என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள். புடவை நாளில் கிடையாது. கொசுவத்துக்கும் முந்தானைக்கும் நடுவே அதைத் தேடி எடுப்பதற்குள் கொள்ளைக்காரன் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுவிடுவான்.

'கைப்பையில் வைத்துக்கொள்ளலாமே' என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாட்டேன். பையைத்தான் முதலில் பிடுங்குவான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊர் வால்மார்ட்டில், வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பையைத் திறந்தது. அதில் லைசென்ஸோடு வைத்திருந்த துப்பாக்கி வெடித்து அம்மா அங்கேயே இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் போட்ட பை அது. நான் வாங்கினபோது என் சின்னவனுக்கு ஏழு வயது.

எனவே பூட்டு. திண்டுக்கல்காரிக்குப் பூட்டைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனாலும் ஏமாந்தேன். விரல் ரேகை பார்த்துத் திறக்கும் பெட்டி ஒன்றை வாங்கினால், பாத்திரம் துலக்கின கைக்கு அது திறக்கவே இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, பேட்டரி இல்லாமல் பொத்தான் அழுத்தித் திறக்கும் எஃகுப் பெட்டி ஒன்றை அலமாரிக்குள் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். டெக்சாஸில் பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை விடுவது தனிக் குற்றம். கார் இருக்கைக்கு அடியில் இன்னொரு சின்னப் பெட்டி, கம்பிக் கயிறோடு. தபால் ஆபீசுக்குள் கொண்டுபோகக் கூடாது, பிள்ளைகளின் பள்ளிக்குள் கூடாது, சிவப்பில் 51% என்று போட்ட (வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவில் வருகிற) மதுக்கூடத்துக்குள் கூடாது. அதனால் அந்தப் பெட்டிக்கு வாரம் இரண்டு முறை வேலை.

2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில், சட்டத் தடை இல்லாத 21 வயதானவருக்கு லைசென்ஸ் இல்லாமலே கொண்டுபோக அனுமதி. இருந்தும் நான் லைசென்ஸ் எடுத்தேன். வகுப்பு, தேர்வு, 40 டாலர் கட்டணம். 3, 7, 15 கஜத்தில் மொத்தம் 50 குண்டு. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் போதும், எனக்கு 231. பள்ளிகளைச் சுற்றி ஆயிரம் அடிக்கு மத்தியச் சட்டம் போடும் தடையில் மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு, தினமும் பள்ளி வரிசையில் கார் ஓட்டும் எனக்கு அது ஒன்றே போதும். நியூ ஜெர்சியில் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது இது வீட்டில்தான். அந்த மாநிலம் வெளி லைசென்ஸ் எதையும் ஏற்காது. பியர்லேண்டு மீனாட்சி கோயிலுக்குப் போனாலும் வீட்டில்தான். 2019க்குப் பிறகு, தடை அறிவிப்பு இல்லாத வழிபாட்டுத் தலத்துக்குக் கொண்டுபோகலாம் என்கிறது சட்டம். அம்பாள் முன்னால் இதைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

மறைத்து வைப்பதில் ஒரே தோல்வி ஒரு சீமந்தத்தில். அத்தை முறையில் ஒருவர் கட்டிப்பிடித்தவர் இடுப்பில் கை வைத்துவிட்டு, 'என்னம்மா இது, சுகருக்கு வைக்கிற மெஷினா?' என்றார். 'ம்' என்றேன். அன்று எனக்குப் பாயசம் தரவில்லை.

அம்மா ஆறு மாதம் வந்திருந்தார். முதல் வாரம் 'ஏண்டி, பொம்பளைப் பிள்ளை இந்தச் சனியனை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியுற' என்று முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆயுத பூஜையன்று நான் கல்லா மெஷின், கார் சாவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெட்டிக்கும் வை என்றார். திறக்க வேண்டாம், மூடியிலேயே வை என்றார். வைத்தேன்.

யார் வாங்கலாம்? மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போவேன் என்பவர்கள் வாங்கலாம். முதன்முதலில் சுடக் கற்பதற்கு இது வேண்டாம், பெரிய 9 எம்எம்மை வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு வாருங்கள். விலைக்கு மேல் இன்னொரு ஐநூறு டாலர் ஒதுக்குங்கள். உறை, பெல்ட், பெட்டி, குண்டு என்று எனக்கு அதையும் தாண்டியது. வீட்டுக்காரர் தனக்கும் ஒன்று கேட்கிறார். முதலில் என்னோடு நான்கு முறை ரேஞ்சுக்கு வரட்டும் என்றிருக்கிறேன். ஒரு முறை வந்தார், அடுத்த வாரம் முதுகுவலி என்றார். உதையை வாங்கிக்கொள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் தேயும் சாமான், புதிது ஒன்று வாங்கி வைத்தாயிற்று. வருகிற ஞாயிறு கடை மூடினதும் மாற்ற வேண்டும்.