கரிக் கெட்டிலா, பெல்லட் கிரில்லா? 24 பேருக்குச் சமைத்த பிறகு என் முடிவு

மே மாதக் கடைசியில், மெமோரியல் டே விடுமுறைக்கு, டல்லாஸிலிருந்து அண்ணன் குடும்பமும் ஆஸ்டினிலிருந்து சித்தப்பா பிள்ளைகளும் வந்து, ஹூஸ்டனில் எங்கள் வீட்டில் 24 பேர் கூடினோம். சனிக்கிழமை கோழிக்கால், ஞாயிற்றுக்கிழமை 8 பவுண்ட் பன்றித் தோள்கறி. டெக்சாஸில் புகை போட்ட கறி என்றாலே பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறிதான். ஆனால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், அதனால் தோள்கறி. இரண்டு நாளும் சமையல் 22 அங்குல வெபர் கரிக் கெட்டிலில், அதாவது மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பில். அதற்கு முன் 3 வருடம், மரத்தூள் குச்சிகளை எரித்துக் கரண்டில் ஓடும் பெல்லட் கிரில் வைத்திருந்தேன். இரண்டையும் புழங்கிப் பார்த்ததில் என் ஓட்டு கரிக்கே.

வசதியில் பெல்லட்டுக்கு ஈடில்லை. 225 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்துவிட்டால், மோட்டார் திருகுதண்டைச் சுழற்றி மரக்குச்சிகளைத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும், விசிறி காற்றை ஊதும், நாம் போய்ப் படுத்துக்கொள்ளலாம். சுவையில் கரி ஒரு படி மேல். கோழிக் கொழுப்பு தணலில் சொட்டி எழும்பும் மணம் பெல்லட்டில் வராது. கெட்டில் 200 டாலர் சொச்சம். ஓரளவு நல்ல பெல்லட் கிரில் 500-க்குக் கீழே கிடைப்பது கஷ்டம். இதெல்லாம் வாங்கப் போகும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. ஹூஸ்டன் மாதிரி வருடம் முழுக்கக் கசகசக்கும் ஊரில் இருப்பவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

பெல்லட் என்பது அழுத்திய மரத்தூள். பசை எதுவும் சேர்ப்பதில்லை, மரத்திலேயே இருக்கும் லிக்னின்தான் அதைப் பிடித்து வைக்கிறது. ஈரம் பட்டால் உப்பி, திரும்பவும் தூளாகிவிடும். ஒரு தேங்க்ஸ்கிவிங் காலையில் எனக்கு அதுதான் நடந்தது. முந்தைய சமையலில் மிஞ்சிய பெல்லட்டை எடுக்காமல் விட்டிருந்தேன். நடுவில் இரண்டு மழை. சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகுகிறது, தண்டு அசையவில்லை. கழற்றிப் பார்த்தால் குழாய்க்குள் தூள் சிமெண்ட் போல இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி எடுக்கவே மத்தியானமாகிவிட்டது. மசாலா தடவி வைத்த கோழி சமையலறை ஓவனுக்குள் போனது. அடுத்த கோடையில் கண்ட்ரோலர் போர்டு போனது, மாற்றுப் பாகம் வர 11 நாள்.

எதுவும் பழுதாகாத நாளிலும் வேலை உண்டு. இரண்டு மூன்று சமையலுக்கு ஒருமுறை தீக்கிண்ணத்துச் சாம்பலை வாக்குவம் போட்டு எடுக்க வேண்டும், எண்ணெய்த் தட்டின் ஃபாயிலை மாற்ற வேண்டும். முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் பெல்லட் எரிந்து தீரும்வரை விசிறி ஓட வேண்டும், இல்லையென்றால் தீ குழாய்க்குள் பின்வாங்கும். இடி மழையில் கரண்ட் போனாலும் இதே ஆபத்துதான்.

கெட்டிலில் மோட்டாரும் இல்லை, போர்டும் இல்லை. அடியில் இருக்கும் கைப்பிடியை இப்படியும் அப்படியும் தள்ளினால் சாம்பல் தட்டில் விழும், மறுநாள் நன்றாக ஆறிய பிறகு கொட்டலாம். சூடான கம்பியில் பாதி வெங்காயத்தைத் தேய்த்தால் கறை போகும். மூடியின் உள்பக்கம் கறுப்பாக உரிந்து வருவது பெயிண்ட் இல்லை, படிந்த புகையும் கொழுப்பும், துடைத்தால் சரி. 1952-இல் சிகாகோ பக்கம், படகுகளுக்கு வழிகாட்டும் உலோக மிதவை செய்த பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் மிதவையை வெட்டிச் செய்த அடுப்பு இது. இன்றுவரை உருவம் பெரிதாக மாறாததால் கம்பி, கைப்பிடி எல்லாம் சுலபமாகக் கிடைக்கின்றன. 600 டாலர் கொடுத்த பெல்லட் கிரில்லை நான் கடைசியில் 80 டாலருக்குத் தள்ளினேன்.

“கரியில் ராத்திரியெல்லாம் கண் விழிக்க வேண்டுமே” என்பார்கள். பாம்பு முறை தெரிந்தால் வேண்டாம். கரிக்கட்டிகளைக் கெட்டிலின் உள்விளிம்பை ஒட்டி இரண்டு வரிசை, இரண்டு அடுக்காக வளைத்து அடுக்கி, மேலே பெக்கான் மரத்துண்டு நாலைந்து வைத்து, ஒரு முனையில் மட்டும் பற்றவைக்க வேண்டும். நெருப்பு மெல்ல ஊர்ந்து மறுமுனைக்குப் போகும். மேல் துவாரம் முழுக்கத் திறந்திருக்கட்டும், கீழ்த் துவாரம் ஒரு விரல் அகலம் போதும். ஞாயிறு விடியற்காலை 4:30-க்குப் பற்றவைத்தேன், 250 டிகிரியைப் பிடித்து நின்றது. 11 மணி சுமாருக்குக் கறியின் உள்சூடு 160 டிகிரியில் அப்படியே நின்றுவிட்டது. உள்ளிருந்து கசியும் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிரவைப்பதால் வரும் தேக்கம் இது. பயந்துபோய்க் கரியைக் கூட்டாமல், ஃபாயிலில் இறுக்கிச் சுற்றினேன். இடையில் ஒருமுறை கரி சேர்த்ததோடு சரி. மாலை 4 மணிக்கு 203. ஒரு மணி நேரம் ஐஸ்பெட்டிக்குள் ஐஸ் இல்லாமல் மூடி வைத்து எடுத்தபோது, எலும்பு தானாகக் கழன்று கையில் வந்தது. சித்தப்பா மகன் கரண்டியாலேயே பிய்த்துப் போட்டான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கெட்டிலில் ஒரே சமயத்தில் தோள்கறி இரண்டுக்கு மேல் இடம் போதாது. 40, 50 பேர் என்றால் பக்கவாட்டில் நெருப்புக்குத் தனி அறை வைத்த ஆஃப்செட் ஸ்மோக்கர் சரியாக இருக்கலாம். நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி, நான் ஓட்டியதில்லை.

மிச்சமான பணத்தில் 14 அங்குலக் குட்டிக் கெட்டில் ஒன்று வாங்கினேன், சைவத்துக்கு மட்டும். பெரியம்மா அதில் கத்தரிக்காயைத் தோல் கருகச் சுட்டு, புளியும் பச்சைமிளகாயும் வைத்துத் துவையல் அரைத்தார். கறிக்கு முன்னால் அதுதான் தீர்ந்தது.

அண்ணன் பெல்லட்தான் வாங்கப் போகிறார். அவருக்கு மூடிய கராஜ் இருக்கிறது, சனிக்கிழமைகளிலும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மிஞ்சிய பெல்லட்டை அன்றைக்கே அள்ளி மூடியுள்ள வாளியில் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.